கடலூரிலிருந்து யாட்மாஸ்டர் தியரி: ஒன்றரை வருட அனுபவம்

பாய்ப்படகைக் கடலில் வழிநடத்தும் படிப்புக்கான சார்ட், அதாவது கடல் வரைபடம், குரியரில் வந்த அன்று அதை விரிக்க எங்கள் வீட்டில் மேஜை இல்லை. கூடத்தில் பாயைச் சுருட்டிவிட்டுத் தரையில் விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு டம்ளர் வைத்தேன். தேநீரோடு வந்த சித்தப்பா குனிந்து பார்த்துவிட்டு, "இது எந்த ஊருடா தம்பி?" என்றார். பயிற்சிக்காகக் கற்பனையாக வரைந்த கடற்கரை, அப்படி ஒரு ஊரே கிடையாது என்றேன். "போகாத ஊருக்கு வழி கேக்குறதுன்னு சொல்லுவாங்க. நீ இல்லாத ஊருக்கே வழி கேக்குறியா?"

இத்தனை மாதம் கழித்தும் இந்தப் படிப்பைப் பற்றி இதைவிடச் சரியான கேள்வி யாரும் கேட்கவில்லை.

எங்களுக்குத் தேவனாம்பட்டினம். சித்தப்பாவிடம் ஃபைபர் போட் இருக்கிறது. எனக்குப் புதுச்சேரியில் கணக்கு எழுதும் வேலை. வார இறுதிகளில் சின்னப் பாய்ப்படகு ஓட்டப் பழகி, ஆசை வந்து, 2024 ஜூனில் ஆன்லைனில் சேர்ந்தேன். பாடத்திட்டம் பிரிட்டனின் ராயல் யாட்டிங் அசோசியேஷனுடையது: கோஸ்டல் ஸ்கிப்பர், யாட்மாஸ்டர் என்ற படகுத் தலைவர் நிலைகளுக்கான தியரி. அதை நடத்திய பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். பார்சல், சுங்கவரி எல்லாம் சேர்த்து நாற்பதாயிரம் ரூபாய் ஆனது. பார்சல் ஐந்து வாரம் எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்தது. அதுவரை டிவைடரே இல்லாமல் பாடத்தை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேரலை வகுப்பு அவர்களுக்கு மாலை ஏழு மணி. கோடையில் அது நமக்கு இரவு பதினொன்றரை. அக்டோபர் கடைசியில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் நள்ளிரவு பன்னிரண்டரை ஆகிவிட்டது. மறுநாள் காலை பஸ்ஸில் தூங்கி, இறங்க வேண்டிய நிறுத்தத்தை இரண்டு முறை தவறவிட்டேன். பதிவு செய்த வீடியோக்களும் உண்டு. முன்பதிவு செய்யும்போதே அவற்றை மட்டும் வைத்துப் படிக்கலாம் என்று முடிவெடுத்துவிடுங்கள். நேரலையில் கேட்பதற்கு எனக்கு அவ்வளவாகக் கேள்வியும் இருந்ததில்லை.

அந்தக் கடிகார விவகாரம் பரிட்சையிலும் காலை வாரியது. ஆல்மனாக்கில், அதாவது மாலுமிகளின் பஞ்சாங்கத்தில், ஓதத்தின் (கடல்நீர் ஏறி இறங்குவதன்) நேரம் உலக நேரத்தில் (UTC) இருக்கும். கோடை மாதம் என்றால் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். அங்கே வளர்ந்தவர்களுக்கு அது கை பழகிய விஷயம். வருடம் முழுக்க ஒரே கடிகாரத்தோடு வாழும் எனக்கு அது நினைவிலேயே நிற்காது. கணக்கு முழுக்கச் சரியாகப் போட்டு, படகை ஒரு மணி நேரம் முன்னதாகத் துறைக்குள் கொண்டுபோய்த் தரைதட்ட வைத்தது மூன்று தடவை.

ஓதம்தான் படிப்பின் பெரும்பகுதி. முதன்மைத் துறையின் நேரத்திலிருந்து பக்கத்துச் சிறு துறையின் நேரத்தையும் உயரத்தையும் கணிப்பது, வளைகோட்டிலிருந்து 'இத்தனை மணிக்கு இங்கே எத்தனை மீட்டர் தண்ணீர் நிற்கும்' என்று எடுப்பது என்று வாரக்கணக்கில் போகும். பிரான்ஸின் செயின்ட் மாலோ பக்கம் பெரிய ஓத நாட்களில் தண்ணீர் பன்னிரண்டு மீட்டர் ஏறி இறங்கும். ஏறுவதும் ஒரே சீராக இல்லை. ஆறு மணி நேரத்தைப் பிரித்தால் முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அடுத்து இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று. அதாவது நடுவில் ஒரே மணி நேரத்தில் மூன்று மீட்டர். சித்தப்பா இதை நம்பவே இல்லை. நம் கரையில் பௌர்ணமி, அமாவாசைக்கே மொத்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்தான். அதே விதியை இங்கே போட்டால் அந்த மூன்றாவது மணி நேரத்துக்கு ஒரு சாண் தண்ணீர் கூடும்.

சரி, அப்படியென்றால் எங்களுக்கு எது முக்கியம்? முகத்துவாரம். தென்மேற்குக் காற்று மாதங்களில் அலை தெற்கிலிருந்து சாய்ந்து அடிப்பதால் கரையோர மணல் வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். புதுச்சேரியில் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குக் கல் சுவர் கட்டியதும் மணல் தெற்கே தங்கி, வடக்கே கடற்கரைச் சாலை பக்கம் மணலே இல்லாமல் போனது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. துறைவாயிலும் தூர்ந்துபோகும். போன மாதம் இருந்த ஆழம் இந்த மாதம் இருக்காது. அது எந்த ஆல்மனாக்கிலும் இல்லை. பாடத்தில் மணல்திட்டு உள்ள வாயில்களைப் பற்றி வந்தது ஒரே பக்கம். அந்தப் பக்கத்தின் சாரம்: கடலிலிருந்து கரைக்குக் காற்றடித்தால் உள்ளே போகாதே.

இதோடு விட்டிருந்தால் இது காசு போன கதையாக முடிந்திருக்கும். நீரோட்டப் பாடம்தான் காப்பாற்றியது.

போக வேண்டிய திசைக்கு ஒரு கோடு, தண்ணீர் இழுக்கும் திசைக்கும் வேகத்துக்கும் ஒரு கோடு, அதன் முனையிலிருந்து படகின் வேகத்தை டிவைடரில் எடுத்து வெட்டினால், பிடிக்க வேண்டிய திசை கிடைத்துவிடும். நம் கரையோர ஓட்டம் மாசியிலிருந்து வைகாசி வரை வடக்கே இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் தெற்கே திரும்பும். 2025 ஏப்ரலில் சித்தப்பாவைக் கெஞ்சி ஒரு சோதனை செய்தோம். கடலூர் முகத்துவாரத்தைத் தாண்டியதும் ஜிபிஎஸ் மேல் துண்டைப் போட்டு மூடினோம். காம்பஸில் நேர் கிழக்கு, மெதுவான ஓட்டம். வேகம் பார்க்கக் கருவி இல்லை. அணியத்தில் (படகின் முன்முனையில்) நின்று தேங்காய் மட்டையைப் போட்டு, அது ஒன்பது மீட்டர் போட்டின் பின்பக்கத்தைத் தொட மூன்றரை விநாடி ஆகிறது என்று எண்ணினால் ஐந்து நாட், அதாவது மணிக்கு ஐந்து கடல் மைல். ஒரு மணி நேரம் கழித்து சார்ட்டில் புள்ளி வைத்துவிட்டுத் துண்டை எடுத்தோம். ஜிபிஎஸ் புள்ளி என் புள்ளிக்கு முக்கால் கடல் மைல் வடக்கே இருந்தது.

கணக்குப் போட்டேன். நேர் கிழக்கே போக ஒன்பது டிகிரி தெற்கே ஒதுக்கிப் பிடிக்க வேண்டும், அதாவது காம்பஸில் 090-க்குப் பதில் 099. இப்போது நீங்கள் வழக்கமாகப் பிடிப்பதுபோல் பிடியுங்கள் என்றேன். காம்பஸ் 95-க்கும் 105-க்கும் நடுவே ஆடிக்கொண்டு நின்றது. "தண்ணி வடக்கே இழுத்தா அணியத்தைத் தெக்கால காட்டணும். இதுக்கா ஒரு மணி நேரம் டீசல் ஊத்தின?" அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவருக்கு முப்பது வருடம் பிடித்தது எனக்குப் பத்து மாதத்தில் ஏறக்குறைய வந்தது என்பதும் உண்மைதான். டீசல் காசு நான் கொடுத்தேன்.

அதே பயணத்தில் இன்னொன்றும் பிடிபட்டது. காம்பஸ் பக்கத்தில் என் போனை வைத்திருந்தேன். எடுத்ததும் ஊசி ஐந்தாறு டிகிரி நகர்ந்தது. பூமியின் காந்த விலகல், அதாவது ஊசி நிஜ வடக்கிலிருந்து தள்ளி நிற்கும் அளவு, நம் பக்கத்தில் இரண்டு டிகிரிக்கும் குறைவு. போன் அதைவிடப் பெரிய விலகல். விலகலைக் கூட்டுவதா கழிப்பதா என்று நினைவு வைக்கப் பள்ளியில் ஒரு ஆங்கிலச் சாக்லேட் வாக்கியம் தந்தார்கள். எனக்கு ஒட்டவில்லை. காம்பஸிலிருந்து நிஜத் திசைக்குப் போகும்போது 'கிழக்கு விலகலைக் கூட்டு' என்று நானே வைத்துக்கொண்டேன். மேற்கு தானாகக் கழிந்துவிடும்.

வானிலைப் பாடம் முழுக்க வெப்ப முகப்பு, குளிர் முகப்பு என்று வெப்பக் காற்றும் குளிர்காற்றும் முட்டிக்கொள்ளும் எல்லைகள். அவை நம் ஊர்ப்பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. ஆனால் அந்தப் பாடத்தின் நடுவில்தான் ஃபெஞ்சல் புயல் வந்தது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, ஒரே நாளில் அங்கே 48 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கரண்ட் இல்லாத வீட்டில் டார்ச்சோடு உட்கார்ந்து தென்னை ஓலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வடமேற்கிலிருந்து அடித்த காற்று மெல்ல மேற்காகி, தென்மேற்காகத் திரும்பியது. வடகோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்தம் இடக்கைப் பக்கம் என்பது பாடத்தில் ஒற்றை வரி. புயலின் மையம் எங்களுக்கு வடக்கே நகர்ந்து போவதை அன்றைக்கு என் இடக்கை காட்டிக்கொண்டிருந்தது.

கடல் சாலை விதிகள் உலகம் முழுக்க ஒன்றுதான், 1972-இல் எழுதியவை, படிக்கவும் சுலபம். இழுவலைப் படகு வெள்ளை விளக்குக்கு மேலே பச்சை காட்ட வேண்டும், மற்ற வலை என்றால் சிவப்பு. எங்கள் பக்கம் ராத்திரி மினுக்குகிற சீரியல் விளக்குகளைப் பார்த்தால் அது இழுவலையா கோயில் திருவிழாவா என்று சொல்ல முடியாது.

ஆசிரியர் மின்னஞ்சலுக்குப் பதில் போட இரண்டு நாள் எடுப்பார். ஆனால் என் கோட்டை மறுபடி வரைந்து, எங்கே பிசகினேன் என்று அம்புக்குறியோடு அனுப்புவார். பரிட்சை மூன்று தாள்: சார்ட் வேலை, விதிகள், வானிலை. தேறிவிட்டேன். இதை வைத்துக்கொண்டு யாரும் படகைக் கையில் தர மாட்டார்கள் என்பதைச் சேரும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். இது தியரிச் சான்றிதழ். யாட்மாஸ்டர் ஆஃப்ஷோர் தேர்வுக்கு 2,500 மைல் கடலில் ஓடியிருக்க வேண்டும். என் கணக்கில் இதுவரை இருநூறுகூட இல்லை.

'நம்ம ஊருல இதெல்லாம் யாருக்கு?' என்று அலுவலகத்தில் கேட்டார்கள். 2025 மே 29 அன்று கோவா திரும்பிய தாரிணி பாய்க்கப்பலில், இருவராக உலகைச் சுற்றி வந்த கடற்படை அதிகாரிகளில் ஒருவரான ரூபா அழகிரிசாமி புதுச்சேரிக்காரர். அதன் பிறகு அந்தக் கேள்வி நின்றது.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் யாராவது சேர்வதாக இருந்தால் ப்ளாட்டரும் (சார்ட்டில் திசை அளக்கும் கருவி) டிவைடரும் தனியாக வாங்க வேண்டாம், இரவல் தருகிறேன். ப்ளாட்டரில் எண்கள் கொஞ்சம் தேய்ந்திருக்கின்றன. சார்ட் மட்டும் கேட்காதீர்கள். ஒரு மூலையில் சித்தப்பாவின் தேநீர் டம்ளர் வட்டம் இருக்கிறது. போதாததற்குப் போன வாரம் அவரே பேனாவால் இல்லாத ஊரின் கரையோரம் ஒரு மணல்திட்டைச் சேர்த்திருக்கிறார். வளைவு இப்படி இருந்தால் அங்கே திட்டு விழாமல் இருக்காதாம்.