கம்பின் நுனியிலா, கைப்பிடியிலா? வயர்லெஸ் பூம் மைக்குக்கு இரண்டு வழிகள்

பூம் மைக்கிலிருந்து (நீளமான கம்பின் நுனியில் மாட்டிப் பேசுபவருக்கு மேலே பிடிக்கும் மைக்) கேமராவுக்குக் கேபிள் இழுக்காமல் ஒலியைக் கொண்டுபோக, சிறிய குழுக்களுக்கு நடைமுறையில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, எக்ஸ்எல்ஆர் எனும் மூன்று ஊசி மைக் முனையில் நேராகச் செருகும் ப்ளக்-ஆன் ட்ரான்ஸ்மிட்டர். மற்றொன்று, ரோடு வயர்லெஸ் கோ, டிஜேஐ மைக் போல சட்டையில் மாட்டும் குட்டி ட்ரான்ஸ்மிட்டரைக் கம்பில் கட்டி, அதன் 3.5 மி.மீ. துளையில் ஷாட்கன் மைக்கை (முன்னால் உள்ள ஒலியை மட்டும் குறிவைத்துப் பிடிக்கும் நீள மைக்) செருகுவது. நான் இரண்டாவதில் ஆரம்பித்து முதலாவதுக்கு மாறியவன். திரும்பிப் போகும் எண்ணம் இல்லை. அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

சுலபமான விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். விலையில் குட்டி செட்டுக்குத்தான் வெற்றி. பலரிடம் அது ஏற்கெனவே இருக்கவும் இருக்கும். எடையிலும் அதுவே. வயர்லெஸ் கோ ட்ரான்ஸ்மிட்டர் வெறும் 31 கிராம். இரண்டு ஏஏ செல் போட்ட ப்ளக்-ஆன் அதைப்போலப் பல மடங்கு. ஒலித் தரத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட மைக்கை எவ்வளவு கிட்டே பிடிக்கிறோம் என்பது பெரிய வித்தியாசம். பேசுபவரிடமிருந்து தூரம் இரட்டிப்பானால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் விழும், அறையின் எதிரொலி அப்படியே இருக்கும். அப்புறம் தாமதம். 2.4 கிகாஹெர்ட்ஸ் டிஜிட்டல் செட்டுகள் ஒலியைச் சில மில்லி செகண்ட் தாமதித்துத் தருகின்றன. நொடிக்கு 25 ஃப்ரேம் எடுக்கும் வீடியோவில் ஒரு ஃப்ரேமே 40 மில்லி செகண்ட் என்பதால் உதட்டசைவு பிசகாது.

என் முடிவைத் தீர்மானித்தது பேட்டரிதான். எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதைவிட, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது, தீர்ந்தால் மாற்ற முடியுமா என்பதே கேள்வி.

ஒரு நீண்ட பேட்டி. குட்டி ட்ரான்ஸ்மிட்டரைக் கம்பின் நுனியில், மைக்குக்குப் பின்னால் கட்டியிருந்தேன். நண்பர் கேமராவில், நான் பூமில். பேசுபவர் அரை மணி நேரம் சுற்றி வளைத்துவிட்டு, ஒருவழியாக நாங்கள் கேட்க வந்த விஷயத்துக்கு வந்தார். அந்த நேரம் பார்த்து என் ஹெட்போனில் எல்லாம் அடங்கிப்போனது. அண்ணாந்து பார்த்தேன். சார்ஜ் குறைவதைச் சொல்லும் விளக்கு என் தலைக்கு மேலே, கூரையைப் பார்த்தபடி இருந்திருக்கிறது. ரிசீவர் திரையிலும் குறி காட்டியிருக்கும்; ஆனால் நண்பரின் கண் ஃபோகஸில் இருந்தது. பேட்டரி உள்ளேயே அடைத்து வைத்தது, கழற்ற வழியில்லை. கம்பை இறக்கி, பவர் பேங்கைத் தேடி எடுத்துச் செருகி, மறுபடி ஓட ஆரம்பித்தபோது அவர், "எதுவரை சொன்னேன்?" என்றார். இரண்டாம் முறை சொன்னது முதல்முறை சொன்னதுபோல இல்லை.

கவனக்குறைவு என்னுடையதுதான், சரி. ஆனால் இந்த அமைப்பு கவனக்குறைவுக்கு இடம் கொடுக்கும் அமைப்பு. எண்ணிப் பாருங்கள்: ட்ரான்ஸ்மிட்டரில் ஒரு பேட்டரி, ரிசீவரில் ஒன்று. 3.5 மி.மீ. துளை வழியாக வருவது சில வோல்ட் மட்டுமே, மைக் கேபிள் வழியாகவே மைக்குக்குக் கொடுக்கும் 48 வோல்ட் மின்சாரம், அதாவது ஃபேன்டம் பவர், அதில் வராது. ஆகவே பெரிய ஷாட்கன் மைக்குக்குச் சொந்த பேட்டரி வேண்டும், அது மூன்றாவது. சென்ஹைசர் எம்கேஇ 600, ரோடு என்டிஜி2 போன்றவை ஒரு ஏஏ செல்லில் ஓடும். எம்கேஇ 600-க்கு ஒரு செல் சுமார் 150 மணி நேரம் வரும். இவ்வளவு நாள் தாங்குவதிலேயே ஒரு வம்பு இருக்கிறது: செல்லை எப்போது போட்டோம் என்பதே மறந்துவிடும். ஒருமுறை மாதக்கணக்கில் பையில் கிடந்த மைக்கைத் திறந்தேன். ஸ்பிரிங்கைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்தாற்போல இருந்தது. அல்கலைன் செல் கசிந்திருக்கிறது. பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்துக் காப்பாற்றினேன்.

உள்ளே அடைத்த லித்தியத்துக்கு வயதும் ஆகும். சில நூறு சார்ஜுக்குப் பிறகு கொள்ளளவு இறங்குவது இயல்பு. புதிதில் ஏழு மணி நேரம் என்றது பிறகு ஐந்தாகும், நான்காகும். கருவி நன்றாக இருந்தாலும் பேட்டரி கிழடானால் அதுவும் கிழடு. யாரிடமாவது விற்கப் போனாலும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

இப்போதைய என் அமைப்பில் ட்ரான்ஸ்மிட்டர் நுனியில் இல்லை. மைக்கிலிருந்து எக்ஸ்எல்ஆர் கேபிள் கம்பு வழியாக இறங்கி வருகிறது. ப்ளக்-ஆன் கைப்பிடிக்குக் கீழே வெல்க்ரோவில் கட்டியிருக்கிறது. எக்ஸ்எல்ஆர் பேலன்ஸ்டு இணைப்பு, அதாவது வழியில் சேரும் இரைச்சலை இரண்டு கம்பிகளை ஒப்பிட்டுக் கழித்துவிடும் இணைப்பு என்பதால் மூன்று மீட்டர் கேபிளுக்கு இரைச்சல் பயமில்லை, மைக்குக்கான 48 வோல்ட்டும் அதே கேபிளில் மேலே போகிறது. மைக்கில் தனி செல் இல்லை. குட்டி செட்டையும் நீளமான 3.5 மி.மீ. கேபிள் போட்டுக் கீழே இறக்கலாமே என்றால், இறக்கிப் பார்த்தேன். அந்த வசதி இல்லாத அன்பேலன்ஸ்டு கேபிள், பக்கத்தில் ஒரு செல்போன் இருந்தாலே கிர்ர் என்றது. எடையும் நுனியில் இருப்பதற்கும் கையில் இருப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதைத் தோள்பட்டைதான் சொல்ல வேண்டும். கிராம் கணக்கில் தோற்ற ப்ளக்-ஆன் இங்கே ஜெயித்துவிடுகிறது.

விளக்கு என் கட்டைவிரலுக்குப் பக்கத்தில். செல் தீர்ந்தால் இரண்டு ஏஏ, அரை நிமிடம். ரீசார்ஜபிள் செல்கள் எட்டு வைத்திருக்கிறேன். வேலை முடிந்ததும் எல்லாம் வெளியே வந்துவிடும், கசிவுக்கு இடமே இல்லை.

இதற்கும் ஒரு விலை உண்டு. ஃபேன்டம் பவர் செல்லைத் தின்னும். மைக் 4 மில்லி ஆம்பியர் எடுத்தால் 48 வோல்ட்டில் அது சுமார் 0.2 வாட். இரண்டு ரீசார்ஜபிள் செல்லின் 2.4 வோல்ட்டிலிருந்து அதை எடுக்க 80 மில்லி ஆம்பியராவது வேண்டும், மாற்றும்போது வீணாவது தனி. எனக்கு ஒரு ஜோடி நான்கரை மணி நேரம் வருகிறது. நான் நான்காவது மணியிலேயே மாற்றிவிடுவேன். வாங்கும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: எல்லா ப்ளக்-ஆனும் ஃபேன்டம் தராது. சென்ஹைசரில் எஸ்கேபி 100 ஜி4 தராது, எஸ்கேபி 500 ஜி4 தரும். பெட்டியைப் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும்.

கீழே கட்டுவதில் ஒரு நஷ்டமும் இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மனித உடம்பு நன்றாக விழுங்கும். நுனியில் இருந்தவரை ட்ரான்ஸ்மிட்டர் எல்லார் தலைக்கும் மேலே நின்றது. என்னுடையது அதைவிடக் குறைந்த அதிர்வெண்ணில் ஓடும் யுஎச்எஃப் செட் என்பதால் உடம்பு குறுக்கே வந்தாலும் அவ்வளவு தொல்லையில்லை. எந்த அலைவரிசைக்கு அனுமதி என்பது நாட்டுக்கு நாடு மாறும், அதை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நான் அறைகளிலும் சிறிய திறந்தவெளிகளிலும்தான் வேலை செய்திருக்கிறேன். பத்திருபது வயர்லெஸ் ஒரே நேரத்தில் ஓடும் பெரிய மேடைக்கு என் அனுபவம் காணாது.

32-பிட் ஃப்ளோட் (சத்தம் எகிறினாலும் பிறகு மீட்டெடுக்கக்கூடிய பதிவு முறை) இருக்கும் குட்டி செட் வாங்கலாமே என்பார்கள். அது ட்ரான்ஸ்மிட்டருக்குள்ளே பதிவாகும் ஒலியைத்தான் காக்கும். ரிசீவரிலிருந்து கேமராவுக்குப் போவது கேமராவில் அளவு மீறிக் கரகரவென்று உடைந்தால் உடைந்ததுதான். எதை வாங்கினாலும் கேமராவின் ஆட்டோ கெயினை (ஒலியளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) அணைத்து, அதன் அளவைத் தாழ்வாக வைத்து, சத்தத்தை ரிசீவர் பக்கமிருந்து ஏற்றுங்கள். உரத்த பேச்சு கேமராவின் ஒலி மீட்டரில் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி ஆடினால் போதும்.

பேசுபவரும் கேமராவும் நகரப்போவதில்லை என்றால் வயர்லெஸே வேண்டாம், கேபிளைப் போட்டுவிடுங்கள். நானே அப்படித்தான் செய்கிறேன். குட்டி செட்டை இன்னும் விற்கவில்லை. அது இப்போது பேசுபவரின் சட்டைக்குள், பூமுக்குத் துணையாக இரண்டாவது ட்ராக்கில் ஓடுகிறது. அதன் விளக்கைப் பார்ப்பது நண்பரின் பொறுப்பு.