ஈவ் ஆன்லைனில் தாது தோண்டும் கப்பல்கள்: யாருக்கு எது ஏற்றது

ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி இணைய விளையாட்டில் ஒருவர் ஓட்டும் போர்க்கப்பல், அதில் பொருத்தும் பீரங்கி, அதற்கான குண்டு ஆகியவற்றுள் பெரும்பாலானவை வேறொரு ஆட்டக்காரர் சிறுகோளைக் குடைந்தெடுத்த தாதுவிலிருந்து உருவானவை. ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003 மே மாதம் வெளியிட்ட இந்த விளையாட்டில், தாது தோண்டுவது ஒரு முழுத் தொழிலாகவே நிலைத்திருப்பதற்கு அதுவே காரணம். இத்தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் கப்பல் வாங்கும்போது, நிமிடத்துக்கு எவ்வளவு தாது கிடைக்கும் என்ற ஓர் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். இன்று என்னிடம் யாராவது யோசனை கேட்டால், அந்த எண்ணைப் பற்றிப் பேசுவதற்கு முன், திரையிலிருந்து எவ்வளவு நேரம் கண்ணை எடுப்பீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

முதல் கப்பலைப் பற்றி விவாதத்துக்கே இடமில்லை. 2012 டிசம்பரில் விளையாட்டில் சேர்க்கப்பட்ட வென்ச்சர், சந்தா கட்டாத ஆல்ஃபா கணக்குக்காரர்களும் ஓட்டக்கூடிய சிறிய கப்பல். விலை மிகக் குறைவு. தாது அறையின் கொள்ளளவு 5,000 கன மீட்டர். இதன் உண்மையான சிறப்பு தப்பிக்கும் திறனில் இருக்கிறது. எதிரிகள் நம் கப்பலை வேறிடத்துக்குத் தாவவிடாமல் பிடித்துவைக்கப் பயன்படுத்தும் கருவி ஒன்று மட்டும் இதன்மீது பட்டால், அதையும் மீறித் தாவிச் செல்லும் அளவுக்கு உள்ளமைந்த வலு இதற்கு உண்டு. வாயு மேகங்களை அள்ளவும் இதுவே போதும். அதனால் பெரிய கப்பல் வாங்கிய பிறகும் ஒரு வென்ச்சரை விற்காமல் நிலையத்தில் நிறுத்தி வைத்திருப்பது நல்லது.

அடுத்த படியாக வரும், பார்ஜ் எனப்படும் மூன்று பெரிய தோண்டும் கப்பல்களில்தான் பலர் தவறு செய்கிறார்கள். 2012 ஆகஸ்டில் சிசிபி இந்த வகைக் கப்பல்களை மொத்தமாகத் திருத்தி அமைத்தது. அதற்கு முன் பணம் உள்ளவர்கள் எல்லாரும் ஹல்க் என்ற விலை உயர்ந்த தோண்டும் கப்பலையே நாடினார்கள். திருத்தத்துக்குப் பிறகு உறுதிக்குப் புரோக்யூரர், கொள்ளளவுக்கு ரிட்ரீவர், விளைச்சலுக்குக் கவெட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வேலை கிடைத்தது. எண்கள் பிற்பாடு பல முறை மாறியிருந்தாலும் இந்த அடிப்படை மாறவில்லை.

ரிட்ரீவர் தனியாளுக்கு வசதியான கப்பல். அதன் தாது அறை பெரியது என்பதால், நிலையத்துக்கும் சிறுகோள் பட்டைக்கும் இடையே அடிக்கடி அலைய வேண்டியதில்லை. ஆனால் அந்த வசதியே ஆளைச் சோம்பலாக்குகிறது. அறை நிறைய நேரமாகும் என்று தெரிந்தவுடன் மனம் வேறு வேலைக்குப் போய்விடுகிறது. நகராமல் நிற்கும் ரிட்ரீவர், பிறர் கப்பலை உடைக்க வரும் வேட்டைக்கார ஆட்டக்காரர்களுக்கு எளிதில் கிடைக்கும் இரை.

கவெட்டரை நான் மனமுவந்து வாங்கினேன். அதை இழந்த மாலையும் நன்றாக நினைவிருக்கிறது. பாதுகாப்பு அளவு 0.5 உள்ள ஒரு விண்மீன் அமைப்பில் தோண்டிக்கொண்டிருந்தேன். கருவி பொருத்தும் இடங்களில் எல்லாம் விளைச்சலைக் கூட்டும் கருவிகளையே நிரப்பியிருந்தேன். முன்பின் தெரியாத ஒரு சிறிய கப்பல் பட்டைக்குள் வந்து, என் அருகில் சில நொடிகள் நின்றுவிட்டு, எதுவும் செய்யாமல் போனது. என் கப்பலில் என்னென்ன பொருத்தியிருக்கிறது என்று அது ஆராய்ந்துவிட்டுப் போயிருக்கிறது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. சற்று நேரத்தில் கேட்டலிஸ்ட் என்ற தாக்கும் கப்பல்கள் மூன்று ஒன்றாக வந்து இறங்கின. காவல் படையான கான்கார்ட் வந்து மூன்றையும் அழித்தது உண்மைதான். ஆனால் அதற்குள் என் கப்பல் உடைந்து கிடந்தது. கான்கார்ட் குற்றத்துக்குத் தண்டனை தரும் படையே தவிர, குற்றம் நடக்காமல் தடுக்கும் படை அன்று. பாதுகாப்பு அளவு குறையக் குறைய அது வந்து சேரும் நேரமும் கூடுகிறது. 0.5 அமைப்பில் கிடைக்கும் அந்தச் சில நொடிகளே அவர்களுக்குப் போதுமானவை.

இதற்காகக் கவெட்டரை மோசமான கப்பல் என்று சொல்ல மாட்டேன். அதன் இடம் கூட்டத்தில் இருக்கிறது. பக்கத்தில் ஓர்கா, போர்பஸ் போன்ற துணைக் கப்பல் ஒன்று நின்று, எல்லாருடைய விளைச்சலையும் கூட்டிக்கொடுத்து, தாதுவைக் கையோடு வாங்கி வைத்துக்கொண்டால், கவெட்டரின் சிறிய தாது அறை ஒரு குறையாகவே தெரியாது. தனியாக நின்று தோண்டுபவர் அதை வாங்குவதுதான் பிழை.

புரோக்யூரரைப் பார்த்த முதல் நாளில், இவ்வளவு குறைவான விளைச்சலா என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அதன் ஷீல்டு வலு மற்ற இரண்டோடு ஒப்பிட முடியாத அளவுக்கு உயர்வானது. வேட்டைக்கு வருபவர்கள் தங்கள் கப்பல்களை இழக்கப்போவது உறுதி என்று தெரிந்தே வருகிறார்கள். ஆகையால் எத்தனை கப்பல்களைச் செலவழித்தால் இதை வீழ்த்தலாம் என்று கணக்குப் போடுவார்கள். ஷீல்டு கருவிகளை முறையாகப் பொருத்திய புரோக்யூரரைக் கண்டால், பெரும்பாலும் அடுத்த பட்டையில் நிற்கும் ரிட்ரீவரைத் தேடிப் போய்விடுவார்கள். புரோக்யூரரின் டிரோன்களும் வலுவானவை. பட்டைக்கு வரும், கணினியே இயக்கும் கொள்ளையர் கப்பல்களை அவையே பார்த்துக்கொள்ளும். வேலை, வீடு என்று இடையிடையே எழுந்து போக நேரும் ஒருவர் மாதக் கணக்கில் தோண்டினால், இழப்புகளைக் கழித்த பிறகு கையில் மிஞ்சும் இஸ்க் (விளையாட்டின் பணம்) புரோக்யூரரில்தான் கூடுதலாக இருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஸ்கிஃப், மேக்கினா, ஹல்க் என்ற எக்ஸ்ஹ்யூமர்கள் முறையே புரோக்யூரர், ரிட்ரீவர், கவெட்டர் ஆகியவற்றின் மேம்பட்ட வடிவங்கள். திறன் பயிற்சி இந்த விளையாட்டில் நிஜக் கடிகாரப்படியே நகர்வதால், இவற்றை ஓட்டும் தகுதியைப் பெற நீண்ட காலம் காத்திருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, பார்ஜ் உடைந்தால் காப்பீடு ஓரளவு கைகொடுக்கும். எக்ஸ்ஹ்யூமர் உடைந்தால் கிடைக்கும் தொகை சந்தை விலைக்கு அருகில்கூட வராது. மூன்றில் ஸ்கிஃப் ஒன்றைத்தான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்.

எந்தக் கப்பலாக இருந்தாலும் ஒரு பழக்கம் விளைச்சலைக் கூட்டும். ஒரு பாறையில் எஞ்சியிருக்கும் தாது, கருவியின் ஒரு முழுச் சுற்றுக்குப் போதாவிட்டாலும் சுற்று கடைசிவரை ஓடி நேரத்தை வீணாக்கும். ஆகவே ஆய்வுக்கருவியால் பாறையின் மீதியை அறிந்து, சுற்றை நடுவிலேயே நிறுத்தினால், அதுவரை தோண்டியது தாது அறைக்கு வந்துவிடும். கருவியை உடனே அடுத்த பாறைக்குத் திருப்பலாம்.

இந்தியாவிலிருந்து ஆடுபவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. சேவையகத்தின் அன்றாடப் பராமரிப்பு நம் நேரப்படி மாலை 4:30 மணிக்குத் தொடங்குகிறது. தோண்டித் தீர்ந்த சிறுகோள்கள் மீண்டும் முளைப்பது அப்போதுதான். பராமரிப்பு முடிந்து கதவு திறந்தவுடன் புரோக்யூரரோடு பட்டைக்குள் நுழைந்தால், பெரிய பாறைகள் யாரும் தொடாமல் நிற்கும்.