அறுந்த ஹார்ப் தந்தி: நாமே மாட்டுவதா, ஆளிடம் கொடுப்பதா?

ஹார்ப் (நிறையத் தந்திகளை விரலால் மீட்டும் பெரிய வாத்தியம்) கற்க ஆரம்பித்த நாலாவது மாதம். பக்கத்து அறையில் இருந்தேன், 'படார்' என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் ஒரு நைலான் தந்தி அறுந்து சுருண்டு தொங்குகிறது. மீதித் தந்திகளின் இழுவையில் ஹார்ப்பே வளைந்துவிடுமோ என்று பயந்தேன். 34 தந்தியில் ஒன்று போனால் அப்படியெல்லாம் ஆகாது.

ஹார்ப் பழுது பார்க்கும் ஆளிடம் கொடுத்தால் முடிச்சு சுத்தமாக விழும், லீவர்களையும் (தந்தியின் சுதியை அரைச் சுரம் ஏற்றும் சின்னப் பிடிகள்) ஒரு பார்வை பார்த்துவிடுவார். செலவும் அலைச்சலும் தெரிந்ததுதான். நான் நானே மாட்டினேன். அடுத்த முறையும் அப்படித்தான் செய்வேன், பணம் அதற்குக் காரணமல்ல.

புது நைலான் தந்தி நீண்டுகொண்டே இருக்கும். சுதி சேர்த்துவிட்டு டம்ளரில் தண்ணீர் குடித்துத் திரும்புவதற்குள் இறங்கியிருக்கும். முதல் நாள் ஏழெட்டுத் தடவை சுதி சேர்க்கும் சாவியைத் திருப்பினேன். ஓரளவு நிலைக்கப் பத்து நாள் ஆனது. எவ்வளவு கைதேர்ந்தவர் மாட்டினாலும் இந்தப் பத்து நாளும் நம் வீட்டில், நம் கையில்தான் கழியும். அப்புறம் அவருக்கென்று மிஞ்சுவது அரை மணி நேர வேலை.

அந்த அரை மணி எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் முடிச்சு, சுதி பாதி ஏறியதுமே சவுண்ட்போர்டின் (தந்திகளின் கீழ் நுனி நிற்கும் பலகை) துளை வழியாகச் சர்ரென்று நழுவி வந்துவிட்டது. பழைய முடிச்சு ஹார்ப்பின் பெட்டிக்குள் கிடந்தது. எடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: முடிச்சின் வளையத்துக்குள் தடித்த தந்தித் துண்டு ஒன்றைச் செருகி இறுக்கியிருந்தார்கள், துளைக்குள் நழுவாமல் இருக்க. அதையே பார்த்துப் போட்டேன், நின்றது. (பழைய முடிச்சை உள்ளேயே விட்டுவிட்டால் வாசிக்கும்போது கடகடக்கும்.) லீவரை இறக்கிவிட்டு, மேலே தந்தியைச் சுற்றும் ஆணியில் இரண்டு மூன்று சுற்று வந்தால் போதும். வால் நுனியைத் தந்தி நிலைத்த பிறகு வெட்டுங்கள்.

தந்தி வாங்கும்போது ஒரு குழப்பம் வரும். ஹார்ப்பில் ஆக்டேவை (ஏழு சுரம் கொண்ட ஸ்தாயி) மேல் சுரத்திலிருந்து கீழே எண்ணுவார்கள், அதுவும் 'ஈ' சுரத்தில் தொடங்கி. சிவப்புத் தந்தி 'சி', கறுப்பு அல்லது நீலத் தந்தி 'எஃப்'. அவற்றை வைத்து எண்ணி, இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு வாங்குங்கள்.

கீழ்ச் சுரங்களுக்கான, உலோகம் சுற்றிய தடித்த தந்திகளை நான் இன்னும் தொட்டதில்லை. அதில் ஒன்று போனால் ஆளைத்தான் கூப்பிடுவேன். ஒரே இடத்தில் அடிக்கடி அறுந்தாலும் அப்படித்தான், ஆணியிலோ லீவரிலோ பிசிறு இருக்கலாம்.

இப்போது மேல் இரண்டு ஆக்டேவுக்கும் உபரித் தந்திகள் ஒரு டப்பாவில் இருக்கின்றன. அந்தப் பழைய முடிச்சும் அதே டப்பாவில்தான் கிடக்கிறது, மாதிரிக்கு.