யார்க் ரயில்வே மியூசியமா, கிளாஸ்கோ ரிவர்சைடா? எந்த வழி சரி?

போக்குவரத்து மியூசியத்துக்கு இடம் பத்தலன்னா தலைவலிதான், ஓவியம்னா ஆணியில மாட்டிடலாம், நூறு டன் இன்ஜினை எங்க வைப்பீங்க? ஸ்காட்லாந்தோட கிளாஸ்கோல, கெல்வின் ஹால்ங்கிற பழைய கட்டிடத்துல இருந்த மொத்தத்தையும் கிளப்பிட்டு கிளைட் ஆத்தங்கரைக்கே போயிட்டாங்க. இங்கிலாந்தோட யார்க்ல இருக்கிற இடத்துலயே கூட்டிக் கட்டுறதுன்னு முடிவு. எனக்கு யார்க் பக்கம்தான் மனசு.

கிளாஸ்கோ ரிவர்சைடு மியூசியம் கட்டிடக் கலைஞர் ஸாஹா ஹதீத் டிசைன், 2011ல திறந்தாங்க. மடிச்சுப் போட்ட துணி மாதிரி ஏறி இறங்குற ஜிங்க் கூரை, உள்ள நடுவுல தூணே கிடையாது, வெளிய ஆத்துல 1896ல கட்டின கிளென்லீ பாய்மரக் கப்பல் நிக்குது. 2013ல ஐரோப்பாவோட சிறந்த மியூசியம் விருதும் வாங்கிடுச்சு, தகுதியானதுதான். ஆனா அந்த கார் சுவரை என்னால ஏத்துக்கவே முடியல. பழைய காரையெல்லாம் சுவத்துல அலமாரி அடிச்சு ஒண்ணுக்கு மேல ஒண்ணா ஏத்தி வச்சிருக்காங்க, கீழ நின்னு அண்ணாந்து பாத்தா மேல இருக்கிற காரோட வயிறுதான் தெரியும், ஸ்டீயரிங் தெரியாது சீட் தெரியாது, இதுக்கு போட்டோவே போதுமே!

யார்க்ல கதை வேற. மியூசியத்தோட கிரேட் ஹால் நிஜமாவே இன்ஜின் ஷெட்டா இருந்த இடம், இன்ஜினை நிறுத்தி சுத்தித் திருப்புற மேடையான டர்ன்டேபிள் இன்னும் நடுவுல இருக்கு, சுத்தி இன்ஜின் நிக்குது. 1938ல மணிக்கு 126 மைல் வேகம் போன மல்லார்ட் நீராவி இன்ஜினை பக்கத்துல போய் பாக்கலாம், ஜப்பான் புல்லட் ரயிலான ஷின்கான்சென் பெட்டிக்குள்ளயே ஏறலாம். இன்னொரு பகுதியான ஸ்டேஷன் ஹால் பழைய கூட்ஸ் ஷெட். ரெண்டுக்கும் நடுவுல லீமன் ரோடு ஓடினதால சப்வேல இறங்கி ஏறித்தான் போகணும்னு இருந்துச்சு. 2020ல போட்டியில ஜெயிச்ச ஃபீல்டன் ஃபவுல்ஸ்ங்கிற கட்டிடக் கலை நிறுவனத்தோட பிளான் அந்த இடத்துல வட்டமா, செம்புத் தகடு போர்த்தின ரெண்டு மாடி சென்ட்ரல் ஹால் கட்டி ரெண்டையும் சேக்குது. வட்டம் சும்மா அழகுக்கு இல்ல, டர்ன்டேபிளை வச்சு இன்ஜின் நிறுத்துற பழைய ரவுண்ட்ஹவுஸ் ஷெட்டோட வடிவம் அது, அதான் எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு.

இதுலயும் ஒரு சங்கடம் இருக்கு, ரோட்டை மூடணும். அந்தப் பக்கம் குடியிருக்கிறவங்க டவுனுக்கு நடந்தும் சைக்கிள்லயும் போன வழி அது. மியூசியம் திறந்திருக்கிற நேரத்துல உள்ள பூந்து நடந்து போகலாம்னு ஏற்பாடு, சரி, ராத்திரி ஷிப்ட் முடிச்சு வர்றவங்க? அவங்க சுத்திக்கிட்டுதான் போகணும். அவங்க கோபத்துல நியாயம் இருக்கு, அந்த சுத்து வழியில நல்ல லைட்டும் அகலமான நடைபாதையும் இருக்கணும், அதுக்கான செலவை கட்டிடச் செலவுலயே சேத்துடணும்.