ஆப் செஞ்சு தர்றோம்னு வர்றவங்ககிட்ட மீதிக் காசக் குடுக்குறதுக்கு முன்னாடி இதப் படிங்க

காங்கேயம் பக்கம் செக்கு எண்ணெய் ஆட்டி விக்கிறோம்ங்க. 2022ல ஆர்டர் எடுக்க ஆப் வேணும்னு ஒரு கம்பெனிகிட்ட போனோம், ரியாக்ட் நேட்டிவ்ங்கற ஆப் செய்யற டூல்ல பண்றோம் சார், ஒரே ஜாவாஸ்கிரிப்ட் கோடுல ஆண்ட்ராய்டு ஐபோன் ரெண்டும் வந்துரும்னாங்க, மொத்தம் 1,80,000 ரூபா பேசி 1 லட்சம் அட்வான்ஸ் குடுத்தோம், ஆண்ட்ராய்டு ஆப் ப்ளே ஸ்டோர்ல ஏறுனதும் மீதியையும் குடுத்துட்டோம். அங்கதான் தப்பு பண்ணிட்டோம்.

ஆப் ஆரம்பத்துலேர்ந்தே இழுவைதான். அட்ரஸ் அடிக்கும்போது கீபோர்டு மேல வந்து பட்டனை மறைச்சுக்கும், பேக் பட்டன் தட்டுனா ஆப்பே மூடிரும். ஐபோன் ஆப் கேட்டா ஆப்பிள்காரங்க லேட் பண்றாங்கன்னே சொல்லிட்டு இருந்தாங்க, அது கடைசி வரைக்கும் வரல.

2024 கடைசில புதுசா போன் வாங்குனவங்க எல்லாம் உங்க ஆப் ஸ்டோர்ல கிடைக்கலன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. கம்பெனிக்குப் போன் பண்ணா கூகுள் ரூல் மாத்திட்டாங்க, அப்டேட் பண்ண 45,000 ஆகும்னாங்க. ரூல் நெஜம்தான், பழைய ஆண்ட்ராய்டு வெர்சனுக்குன்னு செஞ்ச ஆப்பை அப்டேட் பண்ணாம விட்டா அதவிடப் புது ஆண்ட்ராய்டு இருக்குற போன்ல புது ஆளுங்களுக்கு ப்ளே ஸ்டோர் காட்டாது. ஆனா அந்த எச்சரிக்கை மெயில் எதுவும் எங்களுக்கு வரல, ஏன்னா டெவலப்பர் அக்கவுண்ட், அதாவது ப்ளே ஸ்டோர்ல ஆப் ஏத்துற அக்கவுண்ட், அவங்க பேர்ல. அந்த அக்கவுண்டுக்கு கூகுள் வாங்குறது ஒரே ஒரு தடவை 25 டாலர், எங்ககிட்ட வாங்குனது 8,000 ரூபா.

அக்கா பையன் ஐடில இருக்கான், அவன்கிட்ட காட்டுனேன். முதல்ல போனை ஏரோபிளேன் மோடுல போட்டு ஆப்பைத் திறந்தான், ஆப்புக்குள்ள வெப்சைட் திறக்க முடியாதப்ப வருமே வெப்பேஜ் நாட் அவைலபிள்னு, அந்தப் பக்கம் வந்துச்சு. அப்புறம் போன் செட்டிங்ஸ்ல டெவலப்பர் ஆப்ஷன்ல ஷோ லேஅவுட் பவுண்ட்ஸை ஆன் பண்ணான், ஸ்கிரீன்ல இருக்குற ஒவ்வொண்ணையும் சுத்திக் கோடு போட்டுக் காட்டும். ரியாக்ட் நேட்டிவ்னா ஒவ்வொரு பட்டன், ஒவ்வொரு எழுத்து வரியைச் சுத்தியும் தனித்தனியா கோடு தெரியணுமாம், எங்க ஆப்ல முழு ஸ்கிரீனுக்கும் ஒரே ஒரு கட்டம். கடைசியா ஏபிகேங்கற ஆண்ட்ராய்டு ஆப் ஃபைலை சிப்னு பேர் மாத்திப் பிரிச்சா உள்ள கார்டோவா (வெப் பக்கத்தை ஆப்பா மாத்துற டூல்) ஃபைல் இருக்கு, ரியாக்ட் நேட்டிவ் கோடு இருக்குற பண்டில் ஃபைல் இல்லவே இல்ல. எங்க பழைய வெப்சைட்டை ஒரு வெப்வியூக்குள்ள, அதாவது ஆப்புக்குள்ள வெப்சைட் காட்டுற ஜன்னலுக்குள்ள, போட்டு வித்துருக்காங்க. ஆப்பிள் அப்படி வெறும் வெப்சைட்டைச் சுத்திக் குடுக்குற ஆப்பை ரிஜெக்ட் பண்ணுவாங்களாம், ஐபோன் ஆப் ஏன் வரலன்னு அப்பதான் புரிஞ்சுது.

கார்டோவா மேல குத்தம் சொல்லலைங்க, சின்னக் கடைக்கு அதுவே போதும்னு பையனும் சொல்றான். அதச் சொல்லிட்டு அதுக்குண்டான காசு வாங்கிருந்தா சந்தோசமா குடுத்துருப்போம்.

ஆப்பை எங்க அக்கவுண்டுக்கு டிரான்ஸ்ஃபர் பண்ணுங்கன்னு கேட்டோம். கூகுள்ல அதுக்கு வழி இருக்கு, ஆனா அக்கவுண்ட் வச்சிருக்கறவங்கதான் பண்ணணும், மாட்டேன்னுட்டாங்க. ஆப் எழுதுன சோர்ஸ் கோடும் இல்ல, ஆப்புக்குக் கையெழுத்து போடுற சாவி ஃபைலான கீஸ்டோரும் இல்ல. அதனால புது ஆப், ஸ்டோர் ஆப்பை அடையாளம் காணுற பேக்கேஜ் பேரும் புதுசு, பழைய ரிவ்யூ எல்லாம் போச்சு. தனிநபர் அக்கவுண்ட்ங்கறதால 12 பேர் 14 நாள் டெஸ்ட் பண்ணாத்தான் வெளியிட விடுவேன்னு கூகுள் சொல்லுச்சு, சொந்தக்காரங்க போன்ல எல்லாம் போட்டுத்தான் முடிச்சோம். இந்தத் தடவை நெஜமாவே ரியாக்ட் நேட்டிவ், ஒரு தம்பி தனியா செஞ்சு குடுத்தாப்ல, கோடு முதல் நாள்லேர்ந்தே கோடு சேத்து வைக்கிற கிட்ஹப் சைட்ல எங்க அக்கவுண்ட்லயே ஏறுச்சு.

ஏற்கனவே ஆப் வச்சிருக்கற கடைக்காரங்க இப்பவே ப்ளே ஸ்டோர்ல உங்க ஆப்பைத் தேடி, பேருக்குக் கீழ யார் பேர் இருக்குன்னு பாருங்க. வேற கம்பெனி பேர் இருந்தா சுமுகமா இருக்கும்போதே டிரான்ஸ்ஃபர், கோடு, கீஸ்டோர் மூணையும் கேட்டு வாங்கிருங்க. சர்வர், டொமைன் யார் பேர்லன்னும் பாருங்க, எங்க பழைய ஆப்போட சர்வர் இன்னும் அவங்க கையிலதான் இருக்கு. போன வாரம் தாராபுரத்துலேர்ந்து ஒரு அம்மா பழைய ஆப்ல 5 லிட்டர் நல்லெண்ணெய் ஆர்டர் போட்டுட்டு 4 நாள் காத்திருந்து போன் பண்ணாங்க, ஏன் கண்ணு எண்ணெய் இன்னும் வரலன்னு. அந்த ஆர்டர் எங்களுக்கு வந்து சேரவே இல்லைங்க.