வெளிநாட்டுப் பிள்ளைக்கு மாதாமாதம் ஸ்பான்சர்: சேர்ந்த பிறகு தெரியவரும் விஷயங்கள்

பிரிட்டனில் இருந்துகொண்டு உகாண்டாவிலோ கம்போடியாவிலோ உள்ள ஒரு பிள்ளைக்கு ஸ்பான்சர் ஆவது சில நிமிட வேலை. டைரக்ட் டெபிட் (வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் போகும் ஏற்பாடு) போட்டால் படமும் பெயரும் பிள்ளையின் பதிவு எண்ணும் வந்துவிடும். ஆளை இழுப்பது அந்தப் படம்தான். கட்டுகிற காசு அந்தப் பிள்ளையின் கைக்கே போகிறது என்று நினைத்துச் சேருபவர்கள்தான் பிறகு கோபப்படுகிறார்கள்.

வேர்ல்டு விஷன், பிளான் போன்ற தொண்டு அமைப்புகள் எல்லா ஸ்பான்சர்களின் பணத்தையும் சேர்த்து அந்த வட்டாரத்துக்கே செலவிடுகின்றன: குடிநீர், பள்ளிக் கழிப்பறை, தடுப்பூசி முகாம். பிள்ளை அந்த ஊருக்கு ஒரு முகம், அவ்வளவுதான். கம்பேஷன் என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு வேறு மாதிரி. உள்ளூர்த் தேவாலயத்தை ஒட்டிய மையத்தில் பிள்ளையைப் பதிவு செய்து, பாடம், சாப்பாடு, மருத்துவப் பரிசோதனை எல்லாம் அங்கேயே தருகிறார்கள்; கிறிஸ்தவப் போதனையும் உண்டு. அது உங்களுக்கு விருப்பமா, உறுத்தலா என்பதைச் சேருவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பலன் இருக்கிறதா என்ற கேள்விக்கு, இந்த இரண்டாவது முறைக்குத்தான் கையில் பிடிக்கிற மாதிரி ஆதாரம் உண்டு. 6 நாடுகளில் 10,144 பேரை வைத்து 2013-இல் வெளியான ஆய்வில், கம்பேஷன் ஸ்பான்சர் கிடைத்தவர்கள் 1.03 முதல் 1.46 ஆண்டு வரை கூடுதலாகப் பள்ளிக்குப் போயிருந்தார்கள். வட்டார முறை மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஊருக்கு வந்த குழாயின் பலனை ஒரு பிள்ளையின் கணக்கில் எழுத முடியாது.

வரி விஷயம். வரி கட்டுபவரின் நன்கொடையோடு அரசும் பணம் சேர்க்கும் பிரிட்டன் திட்டமான கிஃப்ட் எய்டில் கையெழுத்திட்டால், உங்கள் 30 பவுண்டுக்கு அரசு அமைப்புக்கு 7.50 பவுண்டு சேர்த்துத் தரும். இங்கிலாந்தில் 40% வரி கட்டுபவர் மேலும் 7.50 பவுண்டைத் தன் வரிக்கணக்கில் திரும்பக் கேட்கலாம். பலர் கேட்பதே இல்லை. வேலை போய் வரி கட்டாத ஆண்டு வந்தால் உடனே அமைப்புக்குச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அரசு சேர்த்துத் தந்த தொகையை வரித்துறை உங்களிடம்தான் கேட்கும்.

ஸ்பான்சர்ஷிப்பின் உயிர் கடிதத்தில் இருக்கிறது. அதிகமாகச் சொதப்புவதும் அங்கேதான். உங்கள் கடிதம் அமைப்பின் பிரிட்டன் அலுவலகம், அந்த நாட்டின் தலைமை அலுவலகம், மொழிபெயர்ப்பாளர், களப்பணியாளர் என்று கைமாறிப் போகிறது. பதில் வர இரண்டு மூன்று மாதம் சாதாரணம். மழைக்காலத்திலும் பள்ளி விடுமுறையிலும் இன்னும் இழுக்கும். பிள்ளையின் எண்ணை ஒவ்வொரு தாளிலும் படத்தின் பின்புறத்திலும் எழுதுங்கள், உறையைப் பிரித்ததும் தாள்கள் தனித்தனியாகிவிடும். சின்னப் பிள்ளைகளுக்காகப் பெரியவர்களோ பணியாளரோ எழுதுவதால் முதல் சில கடிதங்கள் அச்சடித்த மாதிரியே இருக்கும். ‘நலமா’ என்று கேட்டால் ‘நலம்’ என்றுதான் வரும். ‘உங்கள் வீட்டில் யார் ஆடு மேய்ப்பது? இந்த வருடம் என்ன விதைத்தீர்கள்? பள்ளிக்கு யாரோடு நடந்து போகிறாய்?’ என்று கேட்டுப் பாருங்கள், பதில் மாறும். உங்கள் வீட்டு முகவரி, கார், கடற்கரைச் சுற்றுலாப் படம் எதுவும் வேண்டாம். ‘ஒருநாள் வந்து பார்க்கிறேன்’ என்ற வாக்குறுதியும் வேண்டாம். பிள்ளை அதை மறக்காது.

பார்சல் அனுப்பாதீர்கள். சுங்கக் கட்டணம் சில சமயம் பொருளின் விலையையே தாண்டலாம், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்காதது சண்டையாகும். உறைக்குள் தட்டையாக அடங்கும் ஸ்டிக்கர், படம், வண்ணத்தாள் போதும். முகநூலில் குடும்பத்தார் யாராவது நேரடியாகத் தொடர்புகொண்டு பணம் கேட்டால் பதில் போடாமல் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். நேரில் பார்க்க விரும்பினால் பல வாரங்களுக்கு முன்பே எழுதிக் கேட்டு, குற்றப் பின்னணிச் சோதனையை முடித்து, பணியாளரோடுதான் போக முடியும். அந்தக் கெடுபிடி பிள்ளையின் பாதுகாப்புக்கானது, அதைத் தளர்த்தச் சொல்லிக் கேட்கவே கூடாது.

தொடர்பு அறுவதும் நடக்கும்: குடும்பம் ஊர் மாறும், வட்டாரத் திட்டம் முடியும், அரசே கதவைச் சாத்தும். இந்திய அரசின் வெளிநாட்டு நிதிக் கட்டுப்பாட்டால் கம்பேஷன் 2017 மார்ச்சில் இந்தியாவை விட்டு வெளியேறியபோது சுமார் 1.45 லட்சம் பிள்ளைகளின் ஸ்பான்சர்ஷிப் ஒரேயடியாக நின்றது. இப்படி நின்றால் பல அமைப்புகள் தாமாகவே வேறொரு பிள்ளையின் படத்தை அனுப்பிப் பணத்தைத் தொடர்ந்து எடுக்கும். வேண்டாமென்றால் வேண்டாமென்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நீங்களாகவே நிறுத்துவதானால் வங்கியில் டைரக்ட் டெபிட்டை ரத்து செய்வதற்கு முன் அலுவலகத்துக்கு எழுதி, கடைசிக் கடிதம் போய்ச் சேர எவ்வளவு நாளாகும் என்று கேளுங்கள். ஸ்பான்சர் கணக்கு மூடிய பிறகு அனுப்பும் கடிதத்தைப் பல அமைப்புகள் எடுத்துக்கொள்வதில்லை.