சத்துமாவில் எந்த நார்? இசப்கோல், இன்யூலின், காரட் நார்

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் வீட்டிலேயே சத்துமாவு அரைத்து விற்கிறவர்கள் பாக்கெட்டில் ‘ஹை ஃபைபர்’ என்று போட ஆசைப்படுகிறார்கள். விதி கேட்கும் அளவுக்கு நார் இருந்தால் போடலாம். எந்த நாரைக் கலந்து போடுவது என்பதுதான் கேள்வி.

இசப்கோல் பழைய ஆள்; ஒரு செடி விதையின் மேல்தோல். குஜராத், ராஜஸ்தானில் விளைவது. மருந்துக்கடையில் கேட்டால் உடனே எடுத்துக் கொடுப்பார்கள். அதிலுள்ள கரையும் நார் தினம் 7 கிராம் சேர்ந்தால் இதயநோய் ஆபத்து குறையலாம் என்று லேபிளில் போட அமெரிக்க அரசு 1998-லேயே அனுமதித்தது. ஆனால் ஒரு ஸ்பூனை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிவிட்டு, வாசலில் யாரென்று பார்த்து வாருங்கள். டம்ளரைச் சாய்த்தாலும் மெதுவாகத்தான் வழியும். தண்ணீர் போதாமல் விழுங்கினால் இதே கொழகொழப்பு தொண்டையிலேயே நடக்கும். மாத்திரைகள் உடம்பில் சேர்வதையும் இது தாமதப்படுத்தும். அரைக்கும்போது பறக்கும் தூளால் மூச்சிரைப்பு, ஒவ்வாமை வந்தவர்களும் உண்டு. மிஷின் பக்கத்தில் நிற்பவர் மூக்கைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

இன்யூலின் சிக்கரி வேரிலிருந்து எடுப்பது. காப்பித்தூளில் கலக்கிறார்களே, அதே சிக்கரிதான். ‘காப்பியில் குடிக்கிறோமே, என்ன ஆகிவிடப் போகிறது’ என்ற வாதம் மட்டும் செல்லாது. காப்பியில் சேர்வது வறுத்த வேரின் சாறு, அதுவும் கொஞ்சம். மலம் கழிக்கும் தடவை கூட ஐரோப்பாவில் 2015-ல் ஏற்றுக்கொண்ட அளவோ தினம் 12 கிராம். பழக்கமில்லாத வயிற்றில் அத்தனையும் ஒரே நாளில் போனால் பொருமல்தான். ஆடிக்கூழுக்கும் இது தோது இல்லை; புளிப்பும் கொதியும் சேர்ந்தால் ஓரளவு சர்க்கரையாக உடைந்துவிடும்.

காரட் நார் புதுசு. காரட்டைத்தான் காலங்காலமாகத் தின்கிறோமே என்று கேட்கத் தோன்றும். ஐரோப்பியச் சட்டம் வேறு மாதிரி கேட்கிறது: இந்த வடிவில், 1997 மே 15-க்கு முன் அங்குள்ள மக்கள் கணிசமாகச் சாப்பிட்டார்களா? இல்லையென்றால் நார் எப்படிப் பிரிக்கப்பட்டது, கரைப்பான் மிச்சம் உண்டா, மண்ணிலிருந்து வேர் இழுத்த ஈயமும் காட்மியமும் எவ்வளவு, காரட் ஒவ்வாமை உள்ளவரை உசுப்பும் புரதம் தங்கியிருக்கிறதா என எல்லாவற்றுக்கும் தாள் காட்ட வேண்டும். 100 கிராம் காரட்டில் நார் சுமார் 3 கிராம்தான். 10 கிராம் நாருக்குக் கால் கிலோவுக்கு மேல் காரட் போகும். அதன் நல்லது கெட்டது எவ்வளவு கூடவே வருகிறது என்பது பிரிக்கும் முறையைப் பொறுத்தது. இந்தியாவிலும், மக்கள் சாப்பிட்டுப் பழக்கமில்லாத மூலப்பொருளுக்கு 2017 விதிகளின்படி உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். விற்பவர் அந்தக் கடிதத்தைக் காட்டாமல் ‘நேச்சுரல்தான் மேடம்’ என்றால் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

பெரியவர்களுக்கான பாக்கெட் என்றால் என் ஓட்டு இன்யூலினுக்கு, ஒரு வேளைக்கு 2, 3 கிராமில் தொடங்கி. இசப்கோலை மாவில் கலக்காமல், தனியாக நிறையத் தண்ணீரோடு குடிப்பதே மேல். இங்கே ஒரு சிக்கல்: நம் வீடுகளில் தாத்தாவுக்குக் காய்ச்சும் கஞ்சியிலேயே ஒரு கரண்டி எடுத்துப் பேரனுக்கும் ஊட்டுவார்கள். மேலே சொன்ன அளவுகள் பெரியவர்களுக்கானவை. அதனால் குழந்தைக்கும் போகிற பாக்கெட்டில் மூன்றுமே வேண்டாம்; கேழ்வரகையும் கம்பையும் தோலோடு பயறையும் கூட்டிப் போட்டாலே போதும்.